பதினாலும் பத்தொன்பதும்

இஸ்ரவேலின் வலது முழங்கைக்குத் தனியாக ஒரு புத்தி உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனாரின் மடியில் காபியைக் கவிழ்த்தது அதுதான். கல்யாண வரவேற்பில் மூன்றடுக்குக் கேக்கை ஓரடுக்காக்கியதும் அதுதான். அவன் வெறும் சாட்சி. இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லியே டில்லியில் பாதிப் பேரைச் சிநேகிதம் பிடித்தவன், அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த முழங்கை செய்ததை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அன்று அது தட்டியது ஒரு ஸ்பிரிட் பாட்டிலை.

எதைத் தொட்டாலும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டே தொட வேண்டிய ஆராய்ச்சிக்கூடம் அது. மூடி சரியாகத் திருகாத பாட்டில் சாய்ந்து, கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்தியிருந்த விரல்நுனி அளவுள்ள இரண்டு குப்பிகளை நனைத்தது. பதறிப்போய் இரண்டையும் அள்ளி எடுத்து டிஷ்யூவால் நன்றாகத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகுதான் டிஷ்யூவைப் பார்த்தான். நீலமாக இருந்தது. மார்க்கர் பேனாவில் எழுதியிருந்த நம்பர்கள் கரைந்து மொத்தமும் டிஷ்யூவுக்கு இடம் மாறியிருந்தன. உள்ளங்கையில் இரண்டு மொட்டைக் குப்பிகள். இரண்டிலும் ஒரே மாதிரி, வடிகஞ்சி நிறத்தில் உறைந்த ஏதோ ஒன்று.

ஒன்று பதினாலு. மற்றது பத்தொன்பது.

ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் குப்பிதான் தடுப்புக்குள் போகலாம் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் இஸ்ரவேல். ஃப்ரீசரை இரண்டு தடவை திறக்கச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக எடுத்து வந்தவனும் அவனே. மேஜை முழுக்க ஸ்பிரிட் வாடை மூக்கை அரிக்க, குப்பிகளை மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இடது கையில் எடுத்ததுதான் பத்தொன்பது என்று தீர்மானித்து, புது லேபிள் எழுதி ஒட்டினான். ஒட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது: அவன் இரண்டையும் ஒரே கையில்தான் அள்ளியிருந்தான்.

பத்தொன்பது, லிடியா. அவன் மனைவி.

அவன் செய்த வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்களின் மேல்சவ்வை ஒவ்வொரு துகளுக்கும் போர்வையாகப் போர்த்த வேண்டும். எதற்குப் போர்வை என்று கேட்கும் நோயாளிகளிடம் அவன் ஒரே பதிலை வைத்திருந்தான். "காலனி கேட்ல வாட்ச்மேன் நிக்கான்லா? புது ஆள் வந்தா விரட்டுவான். அதே பிளாக்கு ஆளோட மொகத்த மாட்டிக்கிட்டு வந்தா சலாம் வச்சு விட்டுருவான். உள்ள வந்தது நேரா தன் வீட்டுக் கதவப் போய்த் தட்டும். அம்புட்டுதான் சயின்ஸ்."

எல்லோரும் சிரிப்பார்கள். பதினாலாம் நம்பர் கோவிந்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்தும் ஈரோட்டுப் பேச்சு மாறாதவர்; தலையில் எப்போதும் விளக்கெண்ணெய் வாசம். இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏனுங் தம்பி, அந்த வூடே இல்லீன்னா அது எங்கீங் போகும்?"

"வூடு இருக்கும்மா. நீங்க நூறு வருசம் இருப்பீங்க" என்றான் இஸ்ரவேல்.

அவன் ஊருக்கு லீவு போட்டுப் போன ஒரு வாரத்தில் கோவிந்தம்மாளின் முதல் டோஸ் தள்ளிப்போனது. அவன் திரும்பி வருவதற்குள் நிகம்போத் சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது. மிஞ்சியது ஃப்ரீசரில் அவருடைய சவ்வு இருந்த ஒரு குப்பி. அதை அழிக்க வேண்டும் என்று தேதி போட்டுக் குறிப்பதற்காகத்தான் அன்று வெளியே எடுத்திருந்தான்.

சொந்தக்காரரின் மருந்தைத் தொடக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. இன்னொரு டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டதால், கூடத்தின் தலைவி டாக்டர் மதுமதி அந்த விதியின் மேல் ஒரு ஃபைலை வைத்து மூடியிருந்தார். லிடியாவுக்கு மற்ற எல்லா வைத்தியமும் கைவிட்ட பிறகு இருந்த ஒரே கதவு இதுதான். நடந்ததைச் சொன்னால் அந்தக் கதவு சாத்தப்படும். புதிதாகக் கட்டியிலிருந்து சவ்வு எடுக்க அவள் உடம்பு தாங்காது.

அன்று லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது லிடியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பதினெட்டு வருஷ நர்ஸ். சிரிஞ்சில் காற்றுக்குமிழியைச் சுண்டிச் சுண்டி அவள் விரல் நகத்துக்கு ஒரு தாளம் படிந்துபோயிருந்தது: வேகமாக இரண்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. டிக் டிக். டிக். காபி டம்ளரையும் சுண்டுவாள், பாத்ரூம் கதவையும் சுண்டுவாள், அவன் நெற்றியையும் சுண்டுவாள். தினமும் கேட்பதையே அன்றும் கேட்டாள்.

"இன்னைக்கு எதத் தட்டிவிட்டிய?"

"ஒண்ணும் இல்லட்டி" என்றான்.

பதினான்கு வருஷக் கல்யாணத்தில் அந்தக் கேள்விக்கு அவன் அப்படிப் பதில் சொன்னதே இல்லை. லிடியா அவன் முழங்கையைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை முதல் டோஸ் ஏறியது. சொட்டுச் சொட்டாக இறங்கும் குழாயை லிடியா நகத்தால் சுண்டினாள். டிக் டிக். டிக். அவள் சுண்டி அவன் பார்த்தது அதுதான் கடைசி.

முதலில் அவனுக்கு அது உறைக்கவே இல்லை. வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்த ஃபேன் எப்போது நின்றது என்று தெரியாமல் அறையின் அமைதியை மட்டும் கேட்பதுபோல. ஒருநாள் காலையில் காபி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அவள் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். விரல்கள் மடிமேல் சும்மா கிடந்தன. பிறகு இடது முழங்காலுக்குப் போய், வட்டமாக, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கின.

"முட்டு வலிக்கா?"

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். யாருடைய கை என்று பார்ப்பதுபோல. "தெரியலயே" என்றாள்.

அதே வாரத்தில்தான் ஃப்ரீசர் சத்தம் போட ஆரம்பித்தது. மைனஸ் எண்பது டிகிரியில் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் ஆளுயரப் பெட்டி. அது முனகுவதும் விக்குவதும் புதிதில்லை. ஆனால் மாலையில் எல்லோரும் போன பிறகு, உறுமல் நின்று அடுத்த உறுமல் தொடங்குவதற்கு இடையிலான அந்த ஒரு நிமிஷத்தில், கதவுக்குப் பின்னால் எங்கோ, பனி படிந்த தட்டுகளின் ஆழத்தில், நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுண்டுவதுபோல ஒன்று கேட்டது. ஐஸ் விரிசல் விடுகிறது என்று சொல்லிக்கொண்டான். கம்ப்ரஸருக்கு வயதாகிவிட்டது என்று சர்வீஸ்காரனுக்குப் போன் செய்தான். வந்தவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சப் டீக் ஹை, பாய் சாப்" என்று, எல்லாம் சரியாக இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவன் இருந்தவரை பெட்டி மூச்சு விடவில்லை. அவன் லிஃப்டில் இறங்கியதும் சுண்டியது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

இரண்டாவது டோஸ் நவம்பரில். அதற்குப் பிறகு லிடியாவுக்குப் பசி வந்தது, நிறம் வந்தது. ஆறு மாதமாகக் கஞ்சிக்கே முகம் சுளித்தவள் எழுந்துபோய்ச் சமைத்தாள். இஸ்ரவேல் சந்தோஷத்தில் சமையலறை வாசலிலேயே நின்றான். அடுப்பில் கொதித்தது அவள் செய்யும் சொதி இல்லை. கொள்ளு. அவர்கள் வீட்டில் கொள்ளு வாங்கியதே கிடையாது.

"இது எப்போ படிச்ச?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

திரும்பாமல் பதில் சொன்னாள். "ஏனுங், புடிக்கலீங்ளா?"

சிரிப்பு அவன் வாயிலேயே நின்றுபோனது. பாளையங்கோட்டையில் பிறந்து, சண்டை போட்டாலும் ஜெபம் பண்ணினாலும் பாளையங்கோட்டையாகவே பேசுபவள் லிடியா. கோவிந்தம்மாளை அவள் பார்த்ததே இல்லை. அடுப்பு ஆவியில், கொள்ளு வாசத்துக்கு அடியில், மெலிதாக விளக்கெண்ணெய் வாசம் வந்தது.

"என்னட்டி சொன்ன?"

"புடிக்கலியான்னு கேட்டேன்" என்றாள் லிடியா, தன் பழைய குரலில். கண்களில் மட்டும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவளின் குழப்பம்.

அதற்குப் பிறகு அவன் கேட்க ஆரம்பித்தான். யாரைப் பார்த்தாலும் கேட்டான், கேட்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு. மதுமதியிடம், "மேடம், வேற ஒருத்தரோட சவ்வு தப்பித் தவறி உள்ள போனா என்ன ஆகும்?" என்றான்.

"ஏன், அப்படி ஏதாவது ஆச்சா?"

"இல்ல மேடம். சும்மா."

"சும்மா கேட்டா நானும் சும்மாதான் சொல்ல முடியும். டிபெண்ட்ஸ். ஒண்ணும் ஆகாம இருக்கலாம், அலர்ஜி வரலாம். நல்லாத் தூங்குங்க, இஸ்ரவேல்."

கதீட்ரலில் பாதிரியார் ஐயரிடம் கேட்டான். விசுவாசத்தோடு ஜெபிக்கச் சொன்னார். லிடியாவிடமே கேட்டான். "ஒனக்கு எப்படி இருக்கு?" என்றால், "நல்லாருக்கு" என்பாள். "வேற என்ன தோணுது?" என்றால் சன்னலுக்கு வெளியே பார்ப்பாள். ஒருநாள் ஆஸ்பத்திரிக்கென்று ஆட்டோ ஏறியவள், டிரைவரிடம் ஹிந்தியில் தெளிவாக, "பையா, கோல் மார்க்கெட்" என்றாள். அங்கே இறங்கி, இடித்துவிட்டு வெறும் மண்மேடாகக் கிடந்த பழைய குவார்ட்டர்ஸ் வரிசையின் முன்னால், புகைமூட்டத்தில், அரைமணி நேரம் நின்றாள். ஆட்டோ டிரைவரிடமிருந்து போன் வந்து இஸ்ரவேல் ஓடிப்போய்ப் பிடித்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. விலாசம் தப்பாக வந்துவிட்டவர்களின் சங்கடம் மட்டும்.

"வூடு இல்லீங்" என்றாள் அவனிடம். மன்னிப்புக் கேட்பதுபோல.

அன்றிரவு அவன் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ள முயன்றான். முழங்கையின் அடுத்த சாதனை: இஸ்ரவேல் பொண்டாட்டியையே தட்டிவிட்டான். சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஸ்கேன். மதுமதி திரையை அவன் பக்கம் திருப்பினார். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அந்த அறையில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அழாதீங்க இஸ்ரவேல். நாளைக்கு மூணாவது டோஸ். இப்படியே போனா..." எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்புறம், ஆடிட் வருது. பதினாலு இன்னும் ஃப்ரீசர்ல இருக்கே, இறந்தவங்க சாம்பிள் மூணு மாசத்துல அழிச்சிருக்கணும். இன்னிக்கே ஆட்டோகிளேவ்ல போட்டுடுங்க."

"மேடம், லிடியா பேச்சு கொஞ்சம் மாறியிருக்கு."

"ஸ்டீராய்டு. மூட் மாறும்."

"பேச்சு, மேடம்."

அவர் ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது நடக்கும்போது ரொம்பத் தோண்டாதீங்களேன்."

ஐந்தரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. சன்னலுக்கு அப்பால் டில்லி இல்லை. மஞ்சள் விளக்குகள் ஊறிய சாம்பல் பஞ்சு மட்டும் இருந்தது. கதவிடுக்கு வழியாக அதன் கரி வாடை உள்ளே வந்து ஸ்பிரிட் வாடையோடு கலந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். இஸ்ரவேல் ஃப்ரீசரைத் திறந்தான். வெண்புகை கொட்டித் தரையில் பரவிக் கணுக்காலைத் தொட்டது. பதினாலு என்று தன் கையெழுத்தில் எழுதிய குப்பியை எடுத்தான். கையுறையைத் தாண்டிக் குளிர் சுட்டது.

அது யார் என்று அவனுக்குத் தெரியாது. அதுதான் உண்மை. சோதித்துப் பார்க்க வழி இருந்தது. ஆனால் சோதிக்கக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் நாளைய டோஸ் நின்றுவிடும், நின்றால் ஏப்ரலுக்குள் லிடியா இல்லை. கட்டி சுருங்கியிருக்கிறது. அப்படியானால் லேபிள் சரிதான். சவ்வு தன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. அப்படியானால் இது கோவிந்தம்மாள். இதை நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தான். நூற்றியோராவது தடவை சொல்லிக்கொண்டே, குப்பியைச் சிவப்புப் பையில் போட்டுக் கட்டினான்.

ஆட்டோகிளேவ் என்பது ஆள் உட்காரக்கூடிய அளவுக்குப் பெரிய பிரஷர் குக்கர். உள்ளே போனது எதுவும் உயிரோடு வெளியே வரக் கூடாது. அதற்காகவே செய்த இரும்புப் பெட்டி. பையை உள்ளே வைத்தான். கனத்த கதவைச் சாத்தி, சக்கரத்தைத் திருகி, பட்டனை அமுக்கினான். சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. ஃப்ரீசரைத் திரும்பிப் பார்த்தான். அதன் உறுமல் நின்றது.

காத்திருந்தான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

ஃப்ரீசரில் சத்தம் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. இத்தனை வாரத்தில் முதல் தடவையாகத் தோள் தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். நாளைக்கு மூன்றாவது டோஸ், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும், இன்றைக்கு எதைத் தட்டிவிட்டேன் தெரியுமா என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

முள் நூற்று இருபதைத் தொட்டது. நீராவி குழாய்களில் சீறியது.

சீறலுக்கு நடுவே.

டிக் டிக்.

டிக்.

ஃப்ரீசர் பக்கமிருந்து இல்லை.

எழுந்தான். நாற்காலி விழுந்தது. முழங்கை. ஸ்டாப் பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அழுத்தம் இறங்கும்வரை கதவு திறக்காது. எத்தனையோ பேருக்கு அவனே சொல்லிக் கொடுத்தது. சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. கையுறைக்குள் உள்ளங்கை வெந்தது.

டிக் டிக். டிக். டிக் டிக். டிக்.

வேகமாக.

மறு கையால் போனை எடுத்தான். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் அவன் வீட்டின் அமைதி. எங்கோ கொள்ளு கொதிக்கும் சத்தம்.

"சொல்லுங்."

இத்தனை நாள் எல்லோரிடமும் சுற்றிச் சுற்றிக் கேட்டாகிவிட்டது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"லிடியா எங்க?"

பெருமூச்சு. பாரத்தை இறக்கி வைப்பவரின் பெருமூச்சு.

"இத்தன நாளா இதக் கேக்கவே இல்லீங்களே, தம்பி. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங். அவீங்க வூட்டுல என்னையக் குடி வெச்சுப்போட்டு, அவீங்கள நீங்க அந்த ஐஸுப் பொட்டியிலதானுங் வெச்சிருந்தீங். குளுருது குளுருதுன்னு ராவும் பகலும் தட்டிட்டே கெடந்தாங்க."

"இப்ப?"

அவர் கொஞ்சம் தயங்கினார். இரக்கமுள்ளவர். எப்போதும் அப்படித்தான்.

"இப்பச் சுடுதுங்கறாங்க."

முள் நூற்று இருபத்தொன்றில் நின்று நடுங்கியது. இஸ்ரவேல் நெற்றியை இரும்புக் கதவில் வைத்தான். தோல் பொரிந்தது. அவன் எடுக்கவில்லை. கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக நெற்றி பட்ட இடத்தில், ஒரு நகம் சுண்டியது.

இரண்டு.

இடைவெளிக்குப் பிறகு வர வேண்டிய ஒன்றுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.